ஆம்பூரில் ஒரு மேற்குச் சுவர்

உள்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவரைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவார்கள்; வெளிச்சுவர் வேலை செய்பவரை மழைக்குத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் "வாங்க" என்று அல்ல, "வந்து பாருங்க" என்று. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒழுகும் சுவருக்குக் கீழே பக்கெட் வைத்தவர்களுக்கும், ஈரம் பூத்த இடத்தைக் காலண்டர் மாட்டி மறைத்தவர்களுக்கும் தெரியும். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வெளிச்சுவர் வேலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், இனி என் பெயரிலேயே செய்வது என்று கிளம்பிவிட்டேன். என்னை நம்பிக் கூட வந்தது அல்தாஃப் மட்டும்தான். ஃப்ரேம் அடிப்பதிலும் பலகை பொருத்துவதிலும் கெட்டிக்காரன், வாய் பேசுவதில் அதைவிடக் கெட்டிக்காரன். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஆம்பூரில் அன்வர் பாயின் ஷூ ஃபேக்டரி. அதன் தையல் ஹாலுக்கு மேற்கே ஒரு நீண்ட சுவர். ஆவணி, புரட்டாசியில் இடிமழை மேற்கிலிருந்து சாய்ந்தடிக்கும்போது அந்தச் சுவர் அழும். போன மழைக்காலத்தில் அந்த ஈரத்தில், தைத்து வைத்த ஷூ மேல்தோல்களில் பூஞ்சை பிடித்து, வாங்கும் கம்பெனி, அவர்கள் பாஷையில் பையர், சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. இந்த மழையில் அவர்களுடைய ஆள் நேரில் வந்து ஹாலைப் பார்ப்பார், ஈரம் இருந்தால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும், சுவரோரம் இருக்கும் தையல் லைனை மூடிவிட வேண்டியதுதான் என்றார் பாய். அந்த லைனில் தைப்பவர்கள் எல்லாரும் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள். லைன் லீடர் பெயர் செல்வி. முதல் நாளே அவள் என்னிடம் வந்து, "மேடம், ஒழுகாம பண்ணிடுவீங்க இல்ல?" என்று கேட்டாள். "பண்ணிடலாம்" என்று நான் சொன்ன குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பளபளத்த சுவர்

நான் முதலில் பார்த்தபோது அந்த மேற்குச் சுவர் பளபளவென்று மின்னியது. அடடா, நல்ல பெயிண்டாக இருக்கிறதே என்று கிட்டே போனால், சுவர் முழுக்கப் பூரி மாதிரி கொப்புளம். ஒரு கொப்புளத்தை வண்டிச் சாவியால் குத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் சர்ரென்று வழிந்து என் செருப்பை நனைத்தது. இது எந்தக் கம்பெனி பெயிண்ட் என்று விசாரித்தால், மேனேஜர் கோதண்டம் ஒரு மாதிரி நெளிந்தார்.

விஷயம் இதுதான். போன வருடம் சுவர் ஒழுக ஆரம்பித்ததும் கோதண்டம் ஒரு யோசனை பண்ணியிருக்கிறார். தோலுக்குக் கடைசியில் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடித்தால் அதில் தண்ணீர் நிற்பதில்லை. அதையே சுவருக்கும் அடித்தால் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபினிஷிங் ஆட்களைக் கூப்பிட்டு, சாரம் கட்டி, ஸ்ப்ரே கன்னால் சுவர் முழுக்கத் தோலுக்கு அடிக்கும் லாக்கரை அடித்துத் தள்ளிவிட்டார். இந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய வைத்தியம். மாடிக் கைப்பிடிச் சுவரின் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர், வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே குடியிருந்து, கடைசியில் ஹால் பக்கமாகப் புறப்பட்டுவிட்டது. சுவருக்கும் மூச்சு விட வழி வேண்டும் சார், நீங்கள் மூக்கைப் பொத்திவிட்டீர்கள் என்று சொன்னேன். மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஷூ மூச்சு விடணும், ஷூ மூச்சு விடணும்னு வர்ற பையருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் மேடம் நானு, சுவருக்கும் மூச்சு இருக்குதுன்னு எங்கிட்ட ஒருத்தன்கூட சொல்லலையே!"

உண்ணிக் கடி

என் திட்டம் எளியதுதான். லாக்கரைச் சுரண்டி எடுப்பது, கைப்பிடிச் சுவருக்கு மேலே தகட்டு மூடி போடுவது, வெடிப்பை அடைத்துப் பூசி நன்றாகக் காயவிடுவது. அப்புறம் அதன்மேல் துருப்பிடிக்காத ஃப்ரேம் அடித்து, சிமெண்ட் பலகைகளைத் திருகிச் சுவருக்கு ஒரு சட்டை போட்டுவிடுவது. மழையும் வெயிலும் சட்டையோடு நின்றுவிடும். பாயிடம் காட்ட ஒரு சாம்பிள் பலகையை எடுத்துப் போனேன்.

அவர் அதை வாங்கி, தோல் தரம் பிரிக்கும் மேசையில் வெளிச்சம் படும்படி விரித்து வைத்தார். விரித்து என்றா சொன்னேன்? விரிக்கத்தான் பார்த்தார், அது விரியவில்லை. உள்ளங்கையால் தடவினார். கட்டைவிரலால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஒரு மூலையைப் பிடித்து மடிக்கக்கூடப் பார்த்தார். கடைசியில் ஒரு குண்டூசி முனை அளவு பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, "உண்ணி கடிச்சிருக்கு" என்றார். அல்தாஃபுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாய், இது சிமெண்டு பாய், மாடு இல்ல" என்றான்.

பாய் அசரவில்லை. பலகை லோடு வந்து இறங்கிய அன்று தோல் பிரிக்கும் ஆட்களையே அனுப்பி, ஒவ்வொரு பலகையையும் தடவிப் பார்க்கச் சொன்னார். விளிம்பு உடைந்தது, மயிரிழைக் கீறல் விட்டது என்று நான் பார்க்காமல் விட்டதையெல்லாம் வட்டம் போட்டுத் தனியே அடுக்கிவிட்டார்கள். எனக்கு வேலை மிச்சம். சாம்பிள் பார்த்த அன்று அல்தாஃபுக்குப் பாய் சொன்ன பதில் எங்கள் கூட்டணியில் இன்றுவரை சட்டம்.

"மாடோ சிமெண்டோ, உண்ணி கடிச்சா செகண்ட் கிரேடு தாம்ப்பா. மாத்திக் கொண்டா."

அடியில் ஒரு சந்து

பலகைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவு சந்து விட வேண்டும். பலகையைத் தாண்டித் தப்பித்தவறி உள்ளே வரும் தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கி அடியில் வெளியேறும்; வெயில் சூடேற்றிய காற்று மேலே ஏறிப் போய்விடும். இதில்தான் எல்லா வீட்டுக்காரர்களும் எல்லா முதலாளிகளும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "ஓட்டையை அடைக்கத்தானே உன்னைக் கூப்பிட்டோம், நீ புதுசா ஓட்டை வெக்கிறியே" என்று பாயும் வந்தார். ஷூவில் காற்றுக்கு ஓட்டை வைக்கிறீர்கள் அல்லவா என்றதும் சமாதானமாகிவிட்டார். வாட்ச்மேன் தணிகாசலத்திடம்தான் இதைச் சொல்ல மறந்துவிட்டோம்.

அந்த ஃபேக்டரியில் எது ஆடினாலும், எது இடைவெளி விட்டாலும் வெட்டி மீந்த தோல் துண்டுதான் மருந்து. மேசை ஆடினால் காலுக்கடியில் தோல். கதவு தடதடத்தால் இடுக்கில் தோல். தணிகாசலம் எங்கள் சந்தைப் பார்த்திருக்கிறார், ஐயோ பாவம் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். இரண்டு கோணி தோல் துண்டு கொண்டுவந்து, அளவாக வெட்டி, மரச் சுத்தியால் தட்டித் தட்டி, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அடைத்துவிட்டார். வேலை அவ்வளவு சுத்தம். பார்த்தால் நாங்களே செய்தோமோ என்று சந்தேகம் வரும்.

ஒரு சின்னத் தூறல் போட்டது. அடுத்த நாள் அந்தத் தெருவில் இருந்த நாய்கள் அத்தனையும் என் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து மோந்துகொண்டிருந்தன. அல்தாஃப் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஊறிப்போன தோலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். நான் தணிகாசலத்திடம், "அண்ணே, இது காத்து போற வழி, அடைக்கக் கூடாது" என்று பொறுமையாக விளக்கினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறு பேச்சில்லாமல் சந்து முழுக்க நைலான் வலையைப் போட்டோம், இரண்டு நாளில் அதை ஏதோ கடித்துப் போட்டிருந்தது. அப்புறம் கம்பி வலைக்கு மாறினோம். அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"எலி வந்தா உங்க காத்தா மேடம் ஓடிப்போய்ப் புடிக்கும்?"

பாதிச் சுவர்

பலகை பாதிச் சுவருக்கு ஏறியிருந்த சமயம். மத்தியானம் தாண்டினால் மேற்கு வெயில் அந்த ஹாலைத் தோசைக்கல்லாகக் காய்ச்சும். டீ நேரத்தில் பார்த்தால், பெண்கள் எல்லாரும் டம்ளரும் கையுமாகப் பலகை ஏறிய பாதியில் சூடேறாத சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி கன்னத்தையே வைத்துப் பார்த்தாள். நான் வரைந்த வரைபடங்களை இதுவரை யாரும் கன்னம் வைத்துப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோதண்டம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சீக்கிரம் முடிங்க மேடம். இந்தப் பக்கம் தேர்த் திருவிழா, அந்தப் பக்கம் ஈ காக்கா இல்ல. டீ ஊத்துறவன் பேஜாராய்ட்டான்!"

கலர்

பலகைக்கு என்ன நிறம் என்று கேட்டபோது பாய் ஒரு நொடிகூட யோசிக்காமல் பிரவுன் என்றார். தோல் வியாபாரி வேறென்ன சொல்வார்? நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். அதைத் தினம் பார்க்கப்போவது அந்தப் பெண்கள். கலர் அட்டையை எடுத்துக்கொண்டு நேராகத் தையல் லைனுக்குப் போய்விட்டேன். மெஷின் சத்தம் நின்றது, பெண்கள் சத்தம் ஆரம்பித்தது. நாள் முழுக்கக் கருப்பும் பிரவுனும் தைத்தே கண் பூத்துப்போச்சு, இன்னொரு பிரவுன் வேண்டவே வேண்டாம் என்று ஒரே குரல். ஒருத்தி ரோஸ் கேட்டாள். ஒருத்தி கிளிப்பச்சை என்றாள். "மாம்பழக் கலர்!" என்று பின்வரிசையிலிருந்து வந்த குரலுக்குத்தான் கைதட்டல் விழுந்தது.

"என் ஃபேக்டரி இன்னா மாம்பழ மண்டியா?" என்று பாய் குதித்தார். ஹாலுக்குள் வந்து அத்தனை பெண்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் குதிப்பதை நிறுத்திக்கொண்டார். தாடியைத் தடவினார். "சரி, மஞ்சளே அடிங்க. ஆனா கொஞ்சம் டல்லா" என்றார். ஹாலில் ஒரு விசில் சத்தம் கேட்டது. யார் அடித்தது என்று கடைசி வரை தெரியவில்லை. அட்டையை மடித்துக்கொண்டு கிளம்பும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொடவைய எடுக்குறப்பகூட எங்க வூட்டுக்காரரு எங்கிட்ட கலர் கேட்டதில்ல மேடம். நீங்க சுவருக்குக் கேக்குறீங்க!"

வெள்ளைச் சட்டை

சுவரை ஒப்படைக்கும் முன் பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். அதோடு நான் சொந்தமாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். தண்ணீர் அடிக்கும்போது முதலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஈரம் வந்தால் சட்டையே சொல்லிவிடும். வாக்குவாதத்துக்கு வேலை இல்லை.

பாய் சலவை மடிப்புக் கலையாத ஜிப்பாவில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே அல்தாஃப் பம்பைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் பாய் எழுந்து வந்து முதுகைக் காட்டினார். வலது தோள்பட்டையில் செம்மண் நிறத்தில் ஒரு திட்டு. ஜன்னல் மூலை! ஜன்னலுக்கு மேலே தண்ணீரை வெளியே தள்ளுகிற தகட்டை நாங்கள் ஒரு பக்கம் குட்டையாக வெட்டியிருந்தோம். செல்வியின் லைன்தான் கண் முன்னால் வந்து நின்றது. தகட்டைக் கழற்றி, புதிதாக வளைத்து, எல்லா ஜன்னலுக்கும் மறுபடி பொருத்தினோம்.

அடுத்த ஞாயிறு பாய் இன்னொரு வெள்ளை ஜிப்பாவில் வந்தார். இந்த முறை அல்தாஃபும் நானும் மாறி மாறிக் கை வலிக்கும் வரை அடித்தோம். காற்றடித்துத் தண்ணீர் எங்கள் மேலேயே திரும்பியது. தெப்பலாக நனைந்து, நடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினால், பாய் சுவரில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். ஜிப்பாவில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அல்தாஃப் மெதுவாகத் தோளைத் தொட்டு எழுப்பினான். அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பாய் கேட்டார்:

"இன்னாப்பா, குளிச்சிட்டு தான் வேலைய ஆரம்பிப்பீங்களா?"

நிஜ மழை

பம்புத் தண்ணீர் நாம் காட்டும் இடத்தில் அடிக்கும். மழை அதற்குப் பிடித்த இடத்தில் அடிக்கும். அதனால் சட்டை காய்ந்திருந்தும் எனக்கு நிம்மதி இல்லை. புரட்டாசியில் ஒருநாள் விடிந்ததிலிருந்தே பேய்மழை. நானும் அல்தாஃபும் பேரணாம்பட்டில் ஒரு பீடிக் கிடங்கின் சுவரைப் பார்க்கப் போயிருந்தோம். அங்கே நிற்கும்போது கோதண்டத்தின் போன். கிசுகிசுவென்று பேசினார். "மேடம், மேற்குச் சுவர் அடியில தண்ணி நிக்குது. ரேக்குக்குக் கீழேர்ந்து வந்துக்கினே இருக்குது. பையரோட ஆள் சென்னைலேர்ந்து வந்துட்டாரு. பாய் ரூம்ல டீ குடிக்கிறாரு. முடிச்சா நேரா இங்க தான் வருவாரு."

ஆம்பூர் பஸ்ஸில் ஏறினோம். பஸ் கூரை ஒழுகி என் மடியில் சொட்டியது. நகர்ந்து உட்காரக்கூடத் தோன்றவில்லை. எங்கே விட்டோம்? கைப்பிடிச் சுவர் மூடியா, ஜன்னல் தகடா, பலகை இணைப்பா? அந்த லைன் மூடினால் செல்வியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? என் பெயரைப் போட்ட பலகையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வேலூருக்கே போக வேண்டியதுதான். எப்போதும் வாய் ஓயாத அல்தாஃப் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டே வந்தான். நடுவில் கோதண்டம் மறுபடி கூப்பிட்டார். டீ முடிந்துவிட்டதாம், பிரியாணி வரவழைத்து உட்கார வைத்திருக்கிறார்களாம். ஆம்பூர் பிரியாணிக்கு நான் அவ்வளவு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

ஹாலுக்குள் ஓடினோம். சுவரோரம் மேல்தோல் அடுக்கிய உயரமான ரேக்குகள். அவற்றின் அடியிலிருந்து தண்ணீர் ஓடி வந்து தரையில் குட்டையாக நின்றது. ரேக்கை நகர்த்திப் பார்க்கக் கோதண்டத்துக்குத் தைரியம் வரவில்லை. எதைப் பார்க்க நேருமோ என்று பயம். ரேக்குக்குப் பக்கத்தில் தெரிந்த சுவரில் கை வைத்தேன். காய்ந்திருந்தது. மேலே வைத்தேன், கீழே வைத்தேன். எல்லாம் காய்ந்துதான் இருந்தது. "அல்தாஃப், தள்ளு" என்றேன். ரேக் நகர்ந்தது. பின்னால் சுவரில் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஆணி குடை. குடைகளுக்கு நடுவே புர்கா, மழைக்கோட்டு, துப்பட்டா. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் நனைந்து வந்த பெண்கள் லைன் மொத்தமும் அங்கே மாட்டியிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அல்தாஃப் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பாயும் பையரின் ஆளும் உள்ளே வந்தார்கள். அவர் குடைகளைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார், ஒரு குடையை ஒதுக்கிவிட்டுச் சுவரில் புறங்கையை வைத்தார். பிறகு பையிலிருந்து ஈரம் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து நாலைந்து இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். எங்கேயும் அது ஈரம் காட்டவில்லை. ஆர்டர் தங்கியது, லைனும் இன்றுவரை ஓடுகிறது. தங்க வைத்தது அந்தக் கருவியா, செல்வியா என்பதில் எனக்கும் அல்தாஃபுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. ஏனென்றால் அந்த மனிதர் கருவியைப் பையில் போட்டுவிட்டு, குடையை மாட்ட வேறு இடம் இல்லையா என்று கேட்டார். செல்வி எழுந்து நின்று, பயப்படாமல் பதில் சொன்னாள்.

"போன வருசம் இந்தச் சுவர்கிட்ட காஞ்ச கொடையை வெச்சாலும் நனைஞ்சிடும் சார். இப்ப நனைஞ்ச கொடையை வெச்சா காஞ்சிடுது. அதான் இங்க மாட்டினோம்!"

சுவரோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, நாம் பாடுபட்டுக் காப்பாற்றிய சுவர் தேறிவிட்டது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே சான்றிதழ், நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் யாரோ அதில் அடித்துவிடும் ஆணிதான்.